ஆறு சாம்பல் நிறச் சட்டைகள்

கோட்டுப் பொத்தான் ஒன்று நூலில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைத் தைத்துக்கொள்ளலாம் என்று திங்கட்கிழமை காலை ஸ்டுடியோவின் உடைப் பிரிவுக்குள் நுழைந்த ரோலண்ட் பிக்கெட், தன் பெயர் ஒட்டிய கம்பியில் தன்னுடைய சாம்பல் நிறச் சட்டை ஆறு தொங்குவதைப் பார்த்தான். ஒரே துணி, ஒரே காலர், ஒரே அளவு. ஆறும் மடிப்புக் கலையாத புதுச் சட்டைகள்.

வேறு எந்த வேலையில் இருப்பவனும் ஆறு புதுச் சட்டையைப் பார்த்தால் சந்தோஷப்படுவான். ரோலண்ட் அவற்றை இரண்டு தடவை எண்ணினான். டிவி போலீஸ் தொடரில் ஒரு பாத்திரத்துக்கு ஒரு சட்டை, மிஞ்சிப்போனால் மாற்றுக்கு இன்னொன்று. அதையே துவைத்துத் துவைத்து வருஷம் பூராவும் ஓட்டிவிடுவார்கள். ஒரே சட்டையை ஆறாக வாங்கினால் அதில் ரத்தம் படப்போகிறது என்று அர்த்தம். சிவப்புச் சாயம் பட்ட சட்டை அடுத்த தடவை அதே காட்சியை எடுக்க உதவாது. கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்ட வேண்டும். ஆறு சட்டை என்றால் கையில் சிராய்ப்பு, மூக்கில் குத்து போன்ற சில்லறைச் சமாசாரம் இல்லை. ஆள் காலி.

உடைகளைக் கவனிக்கும் லூப்பே பின்னால் வந்து அவனைப் பார்த்தாள். பார்த்ததும் சட்டைகளுக்கு முன்னால் வேறு யாருடைய மழைக்கோட்டையோ இழுத்து மறைத்தாள். அந்த இழுப்பிலேயே அவனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"அது எதுக்கு லூப்பே?" என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும்? வாங்குன்னா வாங்குவேன், தைன்னா தைப்பேன். கோட்டைக் கழட்டிக் கொடுங்க."

எட்டு வருஷமாக அவனைத் திட்டுவதற்கென்றே வாயைத் திறக்கும் பெண் அவள். காலரில் ஒப்பனை மாவு ஒட்டினால் அவன் பரம்பரையையே இழுப்பாள். அன்றைக்குப் பொத்தானைத் தைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்த இலவங்கப்பட்டை பிஸ்கட் இரண்டை ஒரு காகிதத்தில் சுற்றி அவன் கையில் வைத்தாள். வீட்டில் எப்படி இருக்கிறார்கள் என்று விசாரித்தாள். ரோலண்ட் அந்தப் பிஸ்கட்டைத் தின்னவில்லை. தூக்கில் தொங்கப்போகிறவனுக்குக் கொடுக்கும் கடைசிச் சாப்பாடு மாதிரி அது கையில் கனத்தது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ரோலண்ட் பிக்கெட் கோழை இல்லை. ஒஹையோவில் டயர் கடை வைத்திருந்தவரின் மகன். பள்ளிக்கூட நாடகத்தில் யாரோ கைதட்டிவிட்டதை நம்பி இருபது வயதில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பஸ் ஏறியவன். முதல் பத்து வருஷம் கார் கழுவினான், மேசை துடைத்தான், நாய் பிஸ்கட் விளம்பரத்தில் நாயின் எஜமானனாக வந்து நாயைவிடக் குறைந்த நேரம் திரையில் தெரிந்தான். குதிரைப் படங்களில் முதல் துப்பாக்கிச் சத்தத்துக்கே விழுகிற ஆள் அவன்தான். ஒரு பெரிய படத்தில் பெரிய நட்சத்திரத்துக்குக் கதவு திறந்துவிடும் ஓட்டல் சிப்பந்தியாக நடித்து ஒரு முழு வசனம் பேசினான். அம்மா தெருவையே திரட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். வசனத்தை வெட்டிவிட்டார்கள். திரையில் கதவும் ஒரு கையும்தான் தெரிந்தன. அது தன் பிள்ளையின் கைதான் என்று அம்மா சாகும்வரை சாதித்தாள்.

இத்தனை அவமானத்தையும் அவன் சிரித்துக்கொண்டே தாங்கினான். நாற்பதைத் தாண்டிய பிறகுதான் 'ஏழாம் துறை' என்ற தொடரில் சார்ஜென்ட் மெக்கேப் வேஷம் கிடைத்தது. துறைமுகத்தில் கொலை நடக்கும், மெக்கேபும் அவன் கூட்டாளி டிக்ஸும் கண்டுபிடிப்பார்கள். அவ்வளவுதான் கதை. ஆனால் நாடே வியாழக்கிழமை ராத்திரி அதன் முன்னால் உட்கார்ந்தது. மளிகைக் கடையில் முன்பின் தெரியாத கிழவிகள் அவன் வண்டியில் இருக்கும் சாமானைப் பார்த்து, "சார்ஜென்ட், இவ்வளவு வெண்ணெய் உடம்புக்கு ஆகாது" என்று கண்டித்தார்கள்.

வேலை போவது அவனுக்குப் புதிது இல்லை. நூறு தடவை போயிருக்கிறது. ஆனால் அப்போதெல்லாம் நதீனுக்கு உடம்பு நன்றாக இருந்தது.

நதீன் அவன் மனைவி. போன வருஷம் அவளுக்கு ரத்தத்தில் புற்றுநோய் என்று சொல்லிவிட்டார்கள். புதன்கிழமைதோறும் ஆஸ்பத்திரியில் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும். அது இன்னும் எத்தனை மாதம் போகும் என்று டாக்டரே சொல்லவில்லை. நடிகர் சங்கத்தின் மருத்துவக் காப்பீடு இருந்ததால் அது நடந்துகொண்டிருந்தது. சங்கத்துக் காப்பீடு வேலை செய்கிறவனுக்குத்தான். வேலை நின்றால் கொஞ்ச காலம் இழுக்கும், பிறகு அதுவும் நின்றுவிடும். வேறு காப்பீட்டுக் கம்பெனிக்குப் போகலாம் என்றால், ஏற்கெனவே வந்துவிட்ட நோய்க்கு நாங்கள் பொறுப்பில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் அந்த ஊரில் அது சட்டப்படி சரி. ஆக, சார்ஜென்ட் மெக்கேப் செத்தால் கூடவே யாருக்கு ஆபத்து என்பது ரோலண்டுக்கு நன்றாகத் தெரியும்.

தொடரில் சாவது எப்படி இருக்கும் என்பதையும் அவன் பார்த்திருக்கிறான். மூன்றாம் வருஷம் கேப்டனாக நடித்த வாலஸ் ஹூப்பரைப் படகில் வைத்துக் கொன்றார்கள். கேக் வெட்டி, கட்டிப் பிடித்து, அழுது அனுப்பினார்கள். எட்டு வாரம் கழித்து ஹூப்பரின் தொலைபேசி மூச்சுவிடுவதை நிறுத்தியது. இப்போது கிளெண்டேலில் குளியலறை ஓடு விற்கிறான். வாடிக்கையாளர்கள் ஓட்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "நீங்க செத்துப்போனவர்தானே?" என்று கேட்கிறார்களாம்.

அன்று முழுக்க ரோலண்டின் கண்ணுக்கு எல்லாமே சாவு அறிகுறியாகத் தெரிந்தது. விளக்குப் பிடிப்பவன் தோளைத் தட்டிவிட்டுப் போனான். அவன் ஏன் தட்ட வேண்டும்? ஒப்பனை செய்தவள் கண்ணாடியில் அவன் கண்ணைப் பார்க்காமல் தவிர்த்த மாதிரி இருந்தது. தொடரை எழுதி நடத்துகிற கிரெட்சன் வால்ஷ் சின்ன மின்சார வண்டியில் கடந்து போனாள். யார் வாழ்வது, யார் சாவது என்று எழுதுபவள் அவள்தான். கையை அசைத்தவள் அவன் முகத்தைப் பார்த்ததும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அது போதாதா? ஒரு காட்சியில் அவன் பேச வேண்டியது இரண்டே வரி. மூன்று தடவை தடுமாறினான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றான் ஆர்லோ.

ஆர்லோ டூபிரேதான் கூட்டாளி டிக்ஸ். திரையில் மட்டும் இல்லை, வெளியிலும் ரோலண்டுக்கு இருந்த ஒரே கூட்டாளி அவன். லூயிசியானாக்காரன். ஒரு காலத்தில் மேடையில் பெரிய பெயர் வாங்கிக் குடியில் எல்லாவற்றையும் தொலைத்துவிட்டுக் காரிலேயே படுத்துத் தூங்கியவன். 'ஏழாம் துறை' கிடைத்த அன்று கிளாஸைக் கீழே வைத்தான், அதற்குப் பிறகு தொடவில்லை. "காலைல அஞ்சு மணிக்கு ஒருத்தன் எனக்காக வண்டி அனுப்பறான் பாரு, அதுக்காகத்தான் ராத்திரி குடிக்காம தூங்கறேன். வண்டி வரலன்னா என்ன ஆவேன்னு எனக்கே தெரியாது" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். ரோலண்டுக்குப் படப்பிடிப்பு இருந்து தனக்கு இல்லாத புதன்கிழமைகளில் நதீனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதும் அவன்தான்.

ரோலண்ட் அவனிடம்கூடச் சொல்லவில்லை. அந்தத் தொழிலில் அது ஒரு பழக்கம். சாகப்போகிறவன் வாயைத் திறப்பதில்லை, கூட இருப்பவர்கள் கேட்பதும் இல்லை. ஒட்டிக்கொள்ளும் என்று பயப்படுவார்கள். "தூக்கம் இல்லடா" என்று மென்று முழுங்கினான். ஆர்லோ அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான். பிறகு புதன்கிழமை தனக்கு வேலை இல்லை, நதீனைத் தானே கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

வீட்டுக்குப் போனால் நதீன் சோபாவில் கம்பளித் தொப்பியும் கம்பளிப் போர்வையுமாக உட்கார்ந்து எலுமிச்சை ஜெல்லியைக் கரண்டியால் குத்திக்கொண்டிருந்தாள். நர்ஸ் ஒருத்தி தன்னை 'மிசஸ் சார்ஜென்ட்' என்று கூப்பிடுவதாகவும், கதையில் அடுத்து யார் கொலைகாரன் என்று சொன்னால்தான் ஊசியை மெதுவாகக் குத்துவேன் என்று மிரட்டுவதாகவும் சொல்லிச் சிரித்தாள். அவளுடைய மணிக்கட்டு அவன் இரண்டு விரலுக்குள் அடங்கும் போலிருந்தது. ரோலண்டும் சிரித்தான். சிரித்துவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

மறுநாள் ஏஜென்ட் சை கோர்மனைத் தொலைபேசியில் பிடித்தான். சைக்கு அறுபத்தைந்து வயது. பாதி ஹாலிவுட்டுக்கு வேலை வாங்கிக் கொடுத்து மீதிப் பாதியிடம் வசவு வாங்கியவன். ஆறு சட்டை என்றதும் எண்ணிக்கையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னான்.

"நான் விசாரிக்கறேன். அதுவரைக்கும் வாயைத் திறக்காத" என்றான்.

"விசாரிச்சு முடிக்கறதுக்குள்ள எழுதி முடிச்சிருவாங்க, சை."

"கேளு. கெஞ்சினா நிச்சயமா உன்னைக் கொன்னுடுவாங்க. இந்த ஊர்ல கெஞ்சறவனை யாரும் வெச்சுக்கிட்டதில்ல. போறேன்னு சொல்றவனைத்தான் கையைப் பிடிச்சு இழுப்பாங்க. அவ்வளவுதான் எனக்குத் தெரிஞ்சது."

சை அதை ஒரு யோசனையாகச் சொல்லவில்லை. அலுப்பில் சொன்னான். ஆனால் பயந்தவன் காதில் எது விழுந்தாலும் அது வழியாகத்தான் தெரியும். அது அந்தத் தொழிலில் எல்லோரும் ஆடுகிற ஆட்டமும்கூட. இல்லாத வாய்ப்பை இருப்பதாகச் சொல்லிச் சம்பளத்தை ஏற்றிக்கொண்டவர்கள் அந்த ஸ்டுடியோவிலேயே பத்துப் பேர் உண்டு. ரோலண்ட் இருபத்தொன்பது வருஷமாக அதைச் செய்ததில்லை. அவனுக்குப் பொய் சொல்ல வராது என்று நதீன் கேலி செய்வாள்.

புதன்கிழமை மத்தியானம், கேமராவை இடம் மாற்றிக்கொண்டிருந்த இடைவேளையில் கிரெட்சனின் அறைக்குப் போனான். சுவரெல்லாம் அட்டைகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு காட்சி. அவன் வருவதைப் பார்த்ததும் அவள் ஒரு வரிசை அட்டைகளைத் திருப்பிப் போட்டாள்.

வான்கூவரில் ஒரு புதுத் தொடர் என்றான். தானே கதாநாயகன் என்றான். ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், இத்தனை நாள் தள்ளிப்போட்டுவிட்டேன், இனி தள்ள முடியாது என்றான். சார்ஜென்ட் மெக்கேபை விட்டுப்போக மனசே இல்லைதான் என்று கடைசியில் குரலைத் தாழ்த்தினான். பொய் வராதவன் என்று யார் சொன்னது? வரிசையாக வந்தது. இப்போது அவள் பதறுவாள், போகாதீர்கள் என்பாள், கதையை மாற்றிவிடலாம் என்பாள் என்று காத்திருந்தான்.

கிரெட்சன் நாற்காலியில் சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கையை எடுத்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"ரோலண்ட், நீங்க என்ன காரியம் பண்ணியிருக்கீங்கன்னு உங்களுக்குத் தெரியாது. ரெண்டு வாரமா நான் தூங்கல."

சொல்லத் தொடங்கியவள் நிறுத்தவில்லை. தொடருக்குச் செலவு அதிகமாகிவிட்டது, இரண்டு கூட்டாளிகளில் ஒருவர் போக வேண்டும் என்று சேனல்காரர்கள் கட்டளை போட்டுவிட்டார்களாம். யார் என்பதை அவளிடமே விட்டுவிட்டார்களாம். அவள் ஆர்லோவை எழுதிவிட்டாள். டிக்ஸ் குண்டடி பட்டு மெக்கேபின் மடியில் சாகிறான். ஆறு சட்டையும் அதற்குத்தான். ரத்தம் ஆர்லோவுடையது, சட்டை ரோலண்டுடையது. ஆர்லோவின் கதை அவளுக்குத் தெரியும். வேலை இல்லாத ஆர்லோ என்ன ஆவான் என்று நினைத்து நினைத்து ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். திங்கட்கிழமை ரோலண்டின் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை, அவனுடைய நண்பனைக் கொல்லப்போகிறோமே என்று.

"இப்ப எல்லாம் சரியாயிடுச்சு. ரெண்டு காட்சியைத் திருப்பிப் போட்டா போதும். நீங்க வான்கூவருக்குப் போங்க, அவன் இங்கயே இருக்கட்டும்" என்று எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். ரோலண்ட் நின்ற நிலை அதுதான். அவளுடைய தோளுக்கு மேலே, அவள் திருப்பிப் போட்ட அட்டைகளின் வெள்ளை முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தான். அவள் அதற்குள் தொலைபேசியை எடுத்து எழுத்தாளர்களைக் கூப்பிடத் தொடங்கியிருந்தாள்.

கீழே வந்து தன் காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டான். ஏன் பூட்டினான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. வெயிலில் கார் அடுப்பாகக் கொதித்தது. அவனுக்குக் குளிர்ந்தது. நதீனுக்குக் கூடிப்போனால் ஆறு மாத மருந்து. அதற்குப் பிறகு?

கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப்போட்டது. ஆர்லோ. கையில் ஒரு காகிதப் பை. ரோலண்ட் கண்ணாடியை இறக்கினான்.

"அவளை வீட்டுல விட்டுட்டுத்தான் வர்றேன். நல்லாத் தூங்கறா. இது உனக்கு, மாட்டிறைச்சி சாண்ட்விச். ஊறுகாய் இல்லாம வாங்கச் சொல்லி அவதான் உத்தரவு" என்றான். பிறகு குனிந்து சன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டான். "டாக்டர் நல்ல வார்த்தை சொன்னாருடா. மருந்து கேக்குதாம். நடுவுல மட்டும் விட்டுடக் கூடாதாம். அதை ரெண்டு தடவை சொன்னாரு."

ரோலண்ட் பையை வாங்கிக்கொண்டான். உண்மையைச் சொல்லிவிட அது ஒரு நல்ல சமயம். ஆர்லோ, உன்னைக் கொல்லப்போனார்கள், நான் போய் என்னைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், வேண்டுமென்று இல்லை, என்று சொல்லியிருக்கலாம். ஆர்லோ வயிறு குலுங்கச் சிரித்திருப்பான், பிறகு இரண்டு பேருமாக ஏதாவது யோசித்திருப்பார்கள். ஆனால் நடுவில் விட்டுடக் கூடாதாம் என்ற சொல் மட்டும் ரோலண்டின் காதுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. ஆர்லோ போய் மூலை திரும்பும்வரை பார்த்திருந்துவிட்டுக் காரைவிட்டு இறங்கினான். படிகளில் ஓடினான். அந்த வயதில் ஓடினால் யாராவது பார்த்துச் சிரிப்பார்களே என்றுகூடத் தோன்றவில்லை.

கிரெட்சன் தொலைபேசியில் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் தொலைபேசியை வைத்துவிட்டாள்.

"வான்கூவர் எதுவும் இல்ல. பொய் சொன்னேன்" என்றான்.

அவன் எல்லாவற்றையும் கொட்டினான். சட்டையைப் பார்த்தது, பயந்தது, நதீன், இன்சூரன்ஸ், மருந்து, டாக்டர். வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. அவள் முகம் மெல்ல மெல்ல இறுகியது. கோபம்கூட இல்லை. அசதி.

"சரி. அப்ப பழையபடி ஆர்லோவா?" என்றாள்.

"அதை நீங்கதான் முடிவு பண்ணணும்."

"நான் முடிவு பண்ணித்தான் வெச்சிருந்தேன் ரோலண்ட், ரெண்டு வாரம் செத்துச் செத்து. நீங்க வந்து அதைக் கலைச்சீங்க. சந்தோஷமா ஒரு மணி நேரம் இருந்தேன். இன்னொரு தடவை என்னால முடியாது. நீங்களே சொல்லுங்க. யாரு?"

அறையில் குளிர்சாதனம் உறுமிக்கொண்டிருந்தது. இதைத் தன் வாயால் சொல்ல வைக்கிறாளே என்று அவனுக்கு அவள் மேல் வெறுப்பு வந்தது. அவள் கேட்டது நியாயம் என்றும் தெரிந்தது. சாண்ட்விச் பை இன்னும் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மார்போடு பிடித்துக்கொண்டிருந்தான்.

"ஆர்லோ" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள். நாளைக்குத் தானே அவனைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவதாகவும், இந்தப் பேச்சு இந்த அறையோடு போகட்டும் என்றும் சொன்னாள். அவன் கதவைத் திறக்கும்போது, "உங்க இடத்துல நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்" என்றாள். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். அவனுக்கு அது எந்த ஆறுதலையும் கொடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை எல்லோரும் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து புதுக் கதையைச் சத்தமாக வாசிக்கும் நாள். ஆர்லோ பளிச்சென்று சவரம் செய்து, டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். எப்போதும் போல ரோலண்டின் பக்கத்தில்தான் உட்கார்ந்தான். ரோலண்ட் முதலில் பார்த்தது அவன் கண்ணை. பிறகு திருடன் மாதிரிக் குனிந்து மூச்சை மோந்து பார்த்தான். காபி வாசனைதான் வந்தது. அப்பாடா என்று நினைத்தவனுக்கு உடனே, இன்று சரி, நாளைக்கு? என்ற பயம் முளைத்தது.

வாசிப்பு போனது. டிக்ஸ் சுடப்படும் இடம் வந்தது. ஆர்லோ அதை ஒரு தேர்ந்த நடிகனாக, மிகை எதுவும் சேர்க்காமல், மெதுவாக வாசித்தான். மெக்கேப் அவனை மடியில் வைத்துக்கொண்டு பேசும் வசனம் ரோலண்டுக்கு. பாதியில் குரல் உடைந்தது. மேசையைச் சுற்றிலும் மூக்கை உறிஞ்சினார்கள். டிக்ஸின் கடைசி வரி முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சாகிறவனுக்கு அங்கே அதுதான் மரியாதை. ரோலண்டும் எழுந்து தட்டினான். யாரைவிடவும் பலமாகத் தட்டினான்.

ஆர்லோ எழுந்து, மேடையில் குனிவதுபோல ஒரு கையை வயிற்றில் வைத்துக் குனிந்தான். உட்கார்ந்ததும் ரோலண்டின் முழங்காலை அழுத்தினான்.

"கிரெட்சன் நேத்து சொன்னா. நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், ரோலி இருக்கான்லன்னு. ஆமான்னு சொன்னா. அப்ப சரின்னுட்டேன்."

ரோலண்ட் தலையைக் குனிந்து கதைத் தாள்களை அடுக்கினான். ஆர்லோ அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டு முழங்காலை இன்னொரு தடவை தட்டிக்கொடுத்தான். தண்ணீர்க் கிளாஸைப் பிடித்திருந்த அவனுடைய இன்னொரு கை விடாமல் ஆடிக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் ரோலண்ட் வீட்டுக்குள் காலை வைத்தபோது நதீன் சோபாவில் இல்லை. நடு ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். அவளாக எழுந்து நின்று பல நாள் ஆகியிருந்தது. அழுது முகம் வீங்கியிருந்தது. தெரிந்துவிட்டது என்று நினைத்தான்.

"ஆர்லோ போன் பண்ணான்" என்றாள். "அவன் அழல, ரோலி. என்னைச் சமாதானப்படுத்தறான். இனிமே எல்லாப் புதன்கிழமையும் எனக்குத்தானாம், வேலைவெட்டி இல்லாதவன் வேற எங்க போவான்னு ஜோக் அடிக்கறான். அந்தக் குரலை எனக்குத் தெரியும். அவன் தாங்கமாட்டான்."

அவன் அவளை உட்கார வைக்கப் பார்த்தான். அவள் உட்காரவில்லை. அவன் கோட்டின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டாள்.

"நீ கிரெட்சன் கிட்ட போ. இப்பவே போ. போன்ல பேசாத, நேர்ல போய்ப் பேசு. உன் பேச்சை அவ கேப்பா. எட்டு வருஷத்துல நீ அவகிட்ட ஒண்ணுகூடக் கேட்டதில்ல. எனக்காகக் கேளு."

"சரி" என்றான்.

"கெஞ்சணும்னாலும் கெஞ்சு."

"சரி, நதீன்."

காரை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு தள்ளிப் போனான். சலவைக் கடையின் முன்னால் நிறுத்தினான். உள்ளே எந்திரங்களில் யார் யாருடைய துணியோ சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டுடியோ இருக்கும் பர்பாங்க் வரை போய்வர எவ்வளவு நேரம் ஆகும், அங்கே காத்திருக்க எவ்வளவு, கெஞ்ச எவ்வளவு என்று யோசித்தபடி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒரு பெண் கூடையோடு வெளியே வந்து, அவனை அடையாளம் கண்டு, சார்ஜென்ட் என்று கையசைத்தாள். அவனும் அசைத்தான். தெரு விளக்குகள் எரியத் தொடங்கிய பிறகு திரும்பினான்.

நதீன் வாசலுக்கே வந்து நின்றிருந்தாள்.

"கேட்டேன். முடியாதுன்னுட்டா" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவனுக்குப் பொய் சொல்ல வராது என்று இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிவந்தவள். பிறகு அவள் அவன் கையை எடுத்து, அவன் தடுப்பதற்குள், உள்ளங்கையில் முத்தமிட்டாள்.

"பரவாயில்ல. நீ போய்க் கேட்டியே. நாளைக்கு ஆர்லோ கிட்ட நானே சொல்றேன், ரோலி உனக்காக என்ன பண்ணான்னு."

உள்ளே தொலைபேசி மணி அடித்தது. அவள் அதை எடுக்கத் திரும்பினாள். கூப்பிடுவது கிரெட்சனாக இருந்தால்? ரோலண்ட் அவளுக்கு முன்னால் ஓடினான்.